நாள் போனது, பாட்டு நிலைத்தது

கொல்லத்துக்கும் காயங்குளத்துக்கும் இடையில் கருநாகப்பள்ளி என்றொரு ரயில் நிலையம் உண்டு. திருவனந்தபுரத்திலிருந்து எர்ணாகுளம் போய்வரும் நம்மவர்களில் பலர் அந்த ஊரைத் தூக்கக் கலக்கத்திலேயே கடந்திருப்பார்கள். அதை அடுத்த கன்னேற்றியில், ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னால், தமிழ் பிராமணக் குடும்பத்தில் பிறந்த ஒரு பாதிரியாரும் அவருடைய சபையாரும் ஒரு நாளை எதிர்நோக்கிக் காத்திருந்தார்கள். இயேசு கிறிஸ்து இந்த உலகத்துக்கு மீண்டும் வரப்போகிற நாள் அது என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள்.

அவர்கள் குறித்து வைத்த 1881-ம் ஆண்டு வந்தது, போனது. எதிர்பார்த்தது நடக்கவில்லை. சபை சிதறிப் போயிற்று.

ஆனால் அந்தப் பாதிரியார் எழுதிய பாட்டுகள் சிதறவில்லை. கேரளத்துத் தேவாலயங்களில் அவை இன்றும் பாடப்படுகின்றன. இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் சொன்ன நாளை ஒப்புக்கொள்ளாத சபைகளே அவருடைய பாட்டுகளைத் தங்கள் பாட்டுப் புத்தகத்தில் சேர்த்துப் போற்றி வருகின்றன.

நாள் பொய்த்த பிறகும் பாட்டு எப்படி நிலைத்தது? கிறிஸ்தவ சங்கீதத்தில் 'அவர் வருகிறார், ஆயத்தமாயிருங்கள்' என்னும் பொருளில் எழுந்த பாட்டுகள் ஏராளம். அவற்றில் சில நானூறு ஆண்டு தாண்டியும் வாழ்கின்றன. சில, எழுதிய தலைமுறையோடு போய்விட்டன. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பது கிறிஸ்தவர்களுக்கு மட்டுமல்ல, காத்திருக்க நேர்ந்த எவருக்கும் சுவாரசியமான கேள்வி.

வித்வான்குட்டி

அந்தப் பாதிரியாரின் இயற்பெயர் ராமய்யன். 1835-ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே பாண்டித்தியம் பெற்றதால் 'வித்வான்குட்டி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1861-ல் மாவேலிக்கரையில் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்று யூஸ்தூஸ் யோசேப்பு ஆனார். பிறகு சி.எம்.எஸ். என்னும் ஆங்கிலேய மிஷனில் பாதிரியார் பட்டமும் பெற்றார்.

அந்தக் காலம் ஒரு கொந்தளிப்பான காலம். 1860-ல் திருநெல்வேலிச் சீமையில் அருளப்பன் என்ற தமிழ் உபதேசியாரைச் சுற்றி ஒரு பெரிய பக்தி எழுச்சி உண்டாயிற்று. கிறிஸ்தவர்கள் இதை 'எழுப்புதல்' என்பார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த அலை திருவிதாங்கூரையும் எட்டியது. வித்வான்குட்டி அதில் முன்னணியில் நின்றார். ஆங்கிலேய மிஷனைச் சேர்ந்தவர்கள் மட்டுமல்ல, பழைய சிரியன் சபையைச் சேர்ந்தவர்களும் அவரிடம் வந்தார்கள்.

1875 வாக்கில், இன்னும் ஐந்தரை ஆண்டில் கிறிஸ்து வருவார் என்ற பிரகடனம் எழுந்தது. அதனால் அந்தக் கூட்டத்தாரை ஊரார் 'அஞ்சரைக்காரர்' என்றே அழைத்தார்கள். மிஷனோடு இருந்த உறவு முறிந்தது. கன்னேற்றியில் தனிச் சபை எழுந்தது.

ஐந்தரை ஆண்டு முடிந்தது. வானம் திறக்கவில்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் தத்தம் பழைய சபைகளுக்கே திரும்பிப் போனார்கள். ஒரு சிறு கூட்டம் மட்டும் கடைசிவரை அவரோடு இருந்தது. 1887-ல் அவர் காலமானார்.

இனி அவருடைய பாட்டுக்கு வருவோம். கர்நாடக சங்கீதத்தின் ராக தாளங்களில் மலையாளக் கீர்த்தனங்கள் இயற்றியவர் அவர். அவற்றில் 'காந்தா! தாமசமெந்தஹோ' என்ற பாட்டு மிகவும் பிரசித்தம். பிரிந்துபோன நாயகன் வரத் தாமதிக்கிறானே என்று ஏங்கும் மணப்பெண்ணின் குரலில் அமைந்த பாட்டு. நாயகன் கிறிஸ்து, மணப்பெண் சபை.

இந்தச் சுவையைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியைப் படித்தவர்களுக்கும், பதங்களில் நாயகி பாவத்தைக் கேட்டவர்களுக்கும் இது வீட்டுச் சாப்பாடு. பக்தன் பெண்ணாகி, கடவுளை நாயகனாக எண்ணிக் காத்திருப்பது நம் மண்ணில் பழைய வழக்கம். அந்த வழக்கத்தை வித்வான்குட்டி தாம் ஏற்ற மதத்துக்குள் கொண்டுபோனார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரகடனத்தில் தேதி இருந்தது. பாட்டில் தேதி இல்லை. ஏக்கம் மட்டுமே இருந்தது. தேதி ஒரு நாளோடு தீர்ந்துவிடும். ஏக்கம் தீர்வதில்லை. மார்த்தோமா சபையும் தென்னிந்தியத் திருச்சபையும் அவருடைய பாட்டுகளை எடுத்துக்கொண்டு கணக்கை மட்டும் விட்டுவிட்டதன் ரகசியம் இதுதான்.

பத்துப் பெண்கள்

மணப்பெண், மணவாளன், இரவு, தாமதம் என்ற இந்தக் கற்பனைக்கெல்லாம் வேர் எங்கே இருக்கிறது? மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் இருபத்தைந்தாம் அதிகாரத்தில், இயேசு சொன்ன ஒரு கதையில் இருக்கிறது.

ஒரு கல்யாணம். மாப்பிள்ளையை எதிர்கொண்டு அழைக்கப் பத்துக் கன்னிப்பெண்கள் விளக்கேந்திப் போகிறார்கள். ஐந்து பேர் விளக்கோடு தனியாக எண்ணெயும் எடுத்துப் போனார்கள். மற்ற ஐந்து பேர் வெறும் விளக்கோடு போய்விட்டார்கள். மாப்பிள்ளை வரத் தாமதமாயிற்று. நடு ராத்திரியில் 'மாப்பிள்ளை வருகிறார்' என்று கூச்சல் கேட்டது. எண்ணெய் கொண்டுபோகாதவர்களின் விளக்குகள் அணையத் தொடங்கின. அவர்கள் கடைக்கு ஓடினார்கள். அதற்குள் மாப்பிள்ளை வந்து, கதவும் அடைபட்டது.

கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு முந்தைய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைக் கிறிஸ்தவர்கள் 'அட்வெந்து' என்பார்கள். வருகை என்று பொருள். பெத்லகேமில் பிறந்த முதல் வருகையை மட்டுமல்ல, இனி வரப்போகிற இரண்டாம் வருகையையும் நினைக்கும் காலம் அது. கதையில் வரும் அந்த நள்ளிரவுக் கூச்சலே இந்த வகைப் பாட்டுகளுக்கெல்லாம் பிள்ளையார் சுழி.

ஆனால் அதை எந்தச் சுருதியில் பாடுவது? 'கதவு அடைபட்டுவிடும்' என்று பயமுறுத்தியும் பாடலாம். 'மாப்பிள்ளை வந்துவிட்டார்' என்று மகிழ்ந்தும் பாடலாம். கிறிஸ்தவ சங்கீதத்தில் இரண்டும் உண்டு.

பயத்தின் பாட்டுக்குப் பெரிய உதாரணம் 'தியேஸ் இரே' என்னும் லத்தீன் பாட்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இந்தப் பாட்டு, நியாயத்தீர்ப்பு நாளின் கோபத்தையும் நடுக்கத்தையும் வருணிப்பது. கத்தோலிக்கரின் இறந்தோர் பூசையில் பல நூற்றாண்டுகள் ஒலித்தது. 1791-ல் மொசார்ட்டும் 1874-ல் வெர்டியும் இதற்கு அமைத்த இசை இன்றும் கச்சேரி மண்டபங்களை அதிர வைக்கிறது. ஆனால் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் வந்த சீர்திருத்தத்தில், 1970 பூசைப் புத்தகம் இறந்தோர் பூசையிலிருந்து இந்தப் பாட்டை எடுத்துவிட்டது. துக்கத்தில் இருப்பவர்களுக்குப் பயத்தைவிட நம்பிக்கையே முதலில் வேண்டும் என்பது சீர்திருத்தக்காரர்களின் கருத்து.

மகிழ்ச்சியின் பாட்டுக்கு உதாரணம் தேடினால் ஜெர்மனிக்குப் போக வேண்டும். அந்தப் பாட்டு பிறந்த இடம் ஒரு சுடுகாட்டுச் சூழல் என்பதுதான் ஆச்சரியம்.

கல்லறை பார்த்த ஜன்னல்

ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா பகுதியில் ஊன்னா என்ற சிறிய நகரம். 1596-ல் பிலிப் நிக்கோலாய் என்ற லூத்தரன் பாதிரியார் அங்கே பொறுப்பேற்றார். அவருக்கு நாற்பது வயது. அடுத்த ஆண்டு ஜூலையில் ஊரில் பிளேக் நோய் புகுந்தது.

அடுத்த ஆண்டு ஜனவரி வரை அது ஓயவில்லை. ஆயிரத்து முந்நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். ஆகஸ்டில் ஒரே வாரத்தில் நூற்று எழுபது பேர். பாதிரியார் குடியிருந்த வீட்டின் ஜன்னலைத் திறந்தால் எதிரே கல்லறைத் தோட்டம். ஒரு நாளைக்கு முப்பது அடக்கம்வரை நடந்த நாட்கள் உண்டு. நோயாளியைப் பார்ப்பது, சாகிறவனுக்கு ஆறுதல் சொல்வது, பிணத்தை அடக்கம் செய்வது, மறுநாள் மீண்டும் அதே வேலை. இதுதான் அவருடைய தினசரி அலுவலாக இருந்தது.

இரவில் அவர் எழுத உட்கார்ந்தார். நித்திய வாழ்வின் மகிழ்ச்சியைப் பற்றித் தினமும் கொஞ்சம் எழுதி வைத்தார். தாம் பிழைத்தால் பிறருக்கு ஆறுதலாகட்டும், செத்தால் தாம் எந்த மனநிலையில் செத்தோம் என்பதற்குச் சாட்சியாகட்டும் என்பது எண்ணம். அவர் பிழைத்தார். 'மகிழ்ச்சியின் கண்ணாடி' என்று பொருள்படும் அந்தப் புத்தகம் 1599-ல் அச்சாயிற்று.

அதன் இணைப்பில் இருந்த பாட்டுகளில் இரண்டு உலகப் புகழ் பெற்றன. அவற்றில் ஒன்று 'வாஹெட் ஔஃப்'. விழித்தெழுங்கள் என்று பொருள். பத்துக் கன்னிப்பெண்கள் கதையே பாட்டின் கரு. கோட்டை மதில்மேல் நிற்கும் காவற்காரர்கள் நள்ளிரவில் நகரத்தை எழுப்புகிறார்கள். மணப்பெண் கேட்டுத் துள்ளி எழுகிறாள். கடைசியில் எல்லோரும் கல்யாண விருந்தில் கூடிப் பாடுகிறார்கள்.

பாட்டு முழுவதிலும் பயத்தின் சாயல் இல்லை. ஊரே சாவு வீடாக இருந்தபோது அவர் எழுதியது கல்யாணப் பாட்டு.

பாட்டில் ஒரு சொந்தத் துக்கமும் மறைந்திருக்கிறது. மூன்று சரணங்களின் முதல் எழுத்துகளைப் பின்னிருந்து முன்னாகப் படித்தால் 'வால்டெக் பிரபு' என்ற பட்டத்தின் சுருக்கம் வரும். நிக்கோலாயிடம் படித்த அந்த இளம் பிரபு 1598-ல், பதினைந்து வயதில் இறந்துபோனான். மாணவன் பெயரை ஆசிரியர் கல்யாணப் பாட்டுக்குள் பொதித்து வைத்தார்.

மார்கழி விடியலில் தோழிகளை ஒவ்வொரு வீடாகப் போய் எழுப்பும் திருப்பாவை நம் நினைவுக்கு வருகிறது. நிக்கோலாயின் பாட்டுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. ஆனாலும் டிசம்பர்க் குளிரில், தூங்குகிறவர்களைக் கோபிக்காமல், 'எழுந்திரு, நல்ல சேதி' என்று எழுப்பும் தொனி இரண்டுக்கும் பொது.

அபூர்வமாக வரும் ஞாயிறு

நிக்கோலாயின் பாட்டுக்கு மகுடம் சூட்டியவர் இசை மேதை யோஹான் செபாஸ்டியன் பாக். அவர் லைப்சிக் நகரில் 1723 முதல் 1750-ல் சாகும்வரை தேவாலய இசைப் பொறுப்பில் இருந்தார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக்கும் உரிய வேதபாடத்துக்குப் பொருத்தமாகக் 'கன்டாட்டா' என்னும் இசை உருப்படியை அளிப்பது அவருடைய வேலை.

பத்துக் கன்னிப்பெண்கள் கதை ஒரு குறிப்பிட்ட ஞாயிற்றுக்கு உரிய பாடம். திரித்துவ ஞாயிற்றுக்குப் பின் இருபத்தேழாம் ஞாயிறு என்று அதற்குப் பெயர். ஈஸ்டர் பண்டிகை மார்ச் 27-க்கு முன்னால் வந்தால்தான் இந்த ஞாயிறு காலண்டரில் இடம்பெறும். பாக் லைப்சிக்கில் இருந்த இருபத்தேழு ஆண்டுகளில் இரண்டே முறைதான் வந்தது: 1731-ல் ஒரு தடவை, 1742-ல் ஒரு தடவை.

1731 நவம்பர் 25 அன்று அந்த ஞாயிறு வந்தபோது பாக் தயாராக இருந்தார். நிக்கோலாயின் மூன்று சரணங்களைத் தூண்களாக நிறுத்தி, ஏழு பகுதிகள் கொண்ட கன்டாட்டா ஒன்றைப் படைத்திருந்தார். அவருடைய படைப்புகளின் பட்டியலில் இது 140-ம் எண். பாடி முடிக்க ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும்.

தூண்களுக்கு இடையில் ஆத்மாவும் இயேசுவும் பாடும் இரண்டு ஜோடிப் பாட்டுகள் இருக்கின்றன. பெண் குரலுக்குரிய மேல் ஸ்தாயியில் ஆத்மா, கனத்த கீழ் ஸ்தாயியில் இயேசு. முதல் பாட்டில் எப்போது வருவாய் என்ற தவிப்பு. சின்ன வயலின் ஒன்று கூடவே இழைகிறது. இரண்டாவதில் சேர்ந்துவிட்ட மகிழ்ச்சி. ஓபோ என்ற துளை வாத்தியம் துள்ளுகிறது. கேட்கிறவர்கள் இதைக் காதல் பாட்டு என்றே நினைப்பார்கள். அது தவறும் அல்ல.

நடுவில் வரும் நான்காம் பகுதிதான் மிகப் பிரபலம். காவற்காரர்களின் பாட்டை மணப்பெண் கேட்கும் கட்டம். தந்தி வாத்தியங்கள் ஒரே குரலாக ஒரு நடைமெட்டை வாசித்துக்கொண்டே போக, அதன் மேல் ஆண் குரல் நிதானமாக நிக்கோலாயின் மெட்டைப் பாடுகிறது. பிற்காலத்தில் பாக்கே இதை ஆர்கன் வாத்தியத்துக்கு மாற்றி அச்சிட்டார். மேல்நாட்டுக் கல்யாணங்களில் இந்த இசை ஒலிப்பதைக் கேட்கலாம். பிளேக் காலத்தில் பிறந்த மெட்டு கல்யாண மண்டபத்துக்கே வந்து சேர்ந்துவிட்டது.

'எப்போது' போய் 'எவ்வளவு தூரம்'

ஜெர்மனியில் பாட்டு இப்படி வளர்ந்தது என்றால், அமெரிக்காவில் தேதி குறிக்கும் ஆசை தலைதூக்கியது. நியூயார்க் மாநிலத்து விவசாயியும் பாப்டிஸ்ட் பிரசங்கியுமான வில்லியம் மில்லர், பைபிளில் தானியேல் தீர்க்கதரிசியின் புத்தகத்தை வைத்துக் கணக்குப் போட்டார். கடைசியில் அவரைச் சேர்ந்தவர்கள் 1844 அக்டோபர் 22 என்று நாளையே குறித்தார்கள். அவர்கள் நடத்திய பத்திரிகை ஒன்றுக்குப் பெயர் 'மிட்நைட் கிரை'. நள்ளிரவுக் கூச்சல் என்று அர்த்தம். அதே பத்துக் கன்னிப்பெண்கள் கதைதான். கூட்டங்களில் பாடத் தனிப் பாட்டுப் புத்தகமும் அச்சிட்டார்கள்.

ஆயிரக்கணக்கானோர் நம்பினார்கள். இனி எதற்கு அறுவடை என்று விளைந்ததை வயலிலேயே விட்டவர்களும் உண்டு. 22-ம் தேதி இரவு முழுவதும் காத்திருந்தார்கள். 23-ம் தேதி வழக்கம்போல் பொழுது விடிந்தது. அமெரிக்க சரித்திரத்தில் இதற்கு 'பெரும் ஏமாற்றம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 'எப்படி, இன்னும் மேலே போகவில்லையா?' என்ற ஊராரின் கேலியையும் தாங்க வேண்டியிருந்தது.

அந்தக் கூட்டத்தின் ஒரு பகுதியே பின்னால் 1863-ல் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையாக அமைந்தது. ஏமாற்றத்துக்குப் பின் அவர்களிடையே எழுதிய பெண் கவி ஒருவர் அன்னி ஸ்மித். வீடு இன்னும் எவ்வளவு தூரம் என்று இரவுக் காவற்காரனைக் கேட்பதாக அவர் ஒரு பாட்டு அமைத்தார். 1855-ல், இருபத்தேழே வயதில், காசநோயால் இறந்துபோனார். பாட்டு அந்தச் சபையாரிடம் நிலைத்தது.

கேள்வி மாறியிருப்பதைக் கவனியுங்கள். 'எப்போது' என்ற கேள்வி போய் 'எவ்வளவு தூரம்' என்ற கேள்வி வந்துவிட்டது. எப்போது என்று கேட்பவன் உட்கார்ந்து நாள் எண்ணுகிறான். எவ்வளவு தூரம் என்று கேட்பவன் நடந்துகொண்டிருக்கிறான்.

ஒரே வகுப்பு ரயில்

ஆயத்தமாயிருங்கள் என்ற பாட்டுக்கு இன்னொரு பொருளும் உண்டு என்பதை உலகுக்குக் காட்டியவர்கள் அமெரிக்கக் கறுப்பின மக்கள். அடிமைத்தனத்தில் பிறந்த பக்திப் பாட்டுகளை 1871-ல் மேடையேற்றினார்கள் டென்னசி மாநிலம் நாஷ்வில் நகரத்து ஃபிஸ்க் கல்லூரி மாணவர்கள். கல்லூரிக்குப் பணமில்லை. ஒன்பது பேர் கொண்ட பாட்டுக் குழு ஊர் ஊராகப் பாடி நிதி திரட்டியது. பாடியவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். 1873-ல் இங்கிலாந்தில் விக்டோரியா ராணியின் முன்னாலும் பாடினார்கள்.

அவர்களுடைய பாட்டுகளில் ஒன்று 'காஸ்பல் டிரெயின்', அதாவது சுவிசேஷ ரயில். இங்கே மாப்பிள்ளை ஊர்வலம் இல்லை; ரயில் வருகிறது. தூரத்தில் சத்தம் கேட்கிறது, எல்லோரும் ஏறிக்கொள்ளுங்கள் என்பது அழைப்பு. அந்த ரயிலில் ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே வகுப்புதான் என்றும் பாட்டு சொல்கிறது.

இது வெறும் கற்பனை என்று நினைக்க வேண்டாம். 1881-ல் அதே டென்னசி மாநிலம், கறுப்பின மக்களுக்கு ரயிலில் தனிப் பெட்டி என்று சட்டம் போட்டது. கன்னேற்றிச் சபையார் காத்திருந்ததும் அதே ஆண்டுதான். தனிப் பெட்டியில் ஏற்றப்பட்டவன் ஒரே வகுப்பு ரயிலைப் பற்றிப் பாடும்போது, அது மறு உலகத்தை மட்டும் பற்றிய பாட்டாக இருக்க முடியாது.

அந்த ரயில் அதோடு நிற்கவில்லை. 1965-ல், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது, சிக்காகோ நகரத்துக் கர்டிஸ் மேஃபீல்ட் 'பீப்பிள் கெட் ரெடி' என்ற பாட்டை எழுதினார். மக்களே தயாராகுங்கள் என்பது தலைப்பு. அந்த ரயிலுக்கும் மூட்டை முடிச்சு வேண்டாம், டிக்கெட் வேண்டாம், விசுவாசம் போதும். தேவாலயத்து மொழியில் எழுந்த அந்தப் பாட்டு ரேடியோவிலும் ஊர்வலங்களிலும் ஒலித்தது. காத்திருப்பது என்றால் கைகட்டி நிற்பது என்ற எண்ணத்தை இந்த மக்களின் பாட்டுகள் உடைத்தன.

காலி வீடு

1969-ல் மீண்டும் பயம் திரும்பியது. கிட்டாரும் நீண்ட முடியுமாகக் கிறிஸ்தவ ராக் இசையைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவரான லாரி நார்மன், 'நாம் எல்லோரும் ஆயத்தமாக இருந்திருந்தால்' என்ற பொருளில் ஆங்கிலப் பாட்டொன்றை வெளியிட்டார். கிறிஸ்து திடீரென்று வந்து தம்மவர்களை எடுத்துக்கொள்கிறார். புருஷன் போய்விட மனைவி தங்கிவிடுகிறாள். எல்லாம் முடிந்துவிட்டது என்ற துயரம் பாட்டு முழுவதும் பரவியிருக்கிறது. மெட்டு மென்மையானது, செய்தி குளிர் நடுக்கம்.

1972-ல் வெளியான 'எ தீஃப் இன் தி நைட்' என்ற படத்தில் இந்தப் பாட்டு இடம்பெற்றது. அமெரிக்காவில் தேவாலயங்களிலும் இளைஞர் முகாம்களிலும் படத்தைத் திரையிட்டார்கள். அந்தத் தலைமுறையில் சிறுவர்களாக இருந்த பலர், பள்ளிக்கூடம் விட்டு வந்து வீடு காலியாக இருப்பதைக் கண்டால் அம்மாவை ஆண்டவர் கொண்டுபோய்விட்டார் என்று அலறியதைப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

பயம் தூக்கத்தைக் கலைக்கும் என்பதை மறுக்க முடியாது. நார்மனின் பாட்டு மனம் திருப்பியவர்களும் உண்டு. ஆனால் பயத்தில் விழித்தவன் ஒரு வாரம் விழித்திருப்பான். எதுவும் நடக்கவில்லை என்றால் மறுபடி தூங்கிவிடுவான். அல்லது, ஏமாற்றினார்கள் என்று கோபித்துக்கொண்டு எழுந்தே போய்விடுவான்.

நார்மனுக்கு ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1976-ல், ஆந்த்ரே கிரவுச் என்ற கறுப்பினக் கலைஞர் அதே பொருளில் 'சூன் அண்ட் வெரி சூன்' என்ற பாட்டை வெளியிட்டார். சீக்கிரமே ராஜாவைக் காணப் போகிறோம் என்ற ஒரே எண்ணத்தைக் கைதட்டிப் பாடும் மெட்டு. தங்கிவிட்டவர்களைப் பற்றி அதில் பேச்சே இல்லை. போய்ச் சேருகிற சந்தோஷம்தான் முழுவதும். 2009 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மைக்கேல் ஜாக்சனுக்கு அஞ்சலிக் கூட்டம் நடந்தபோது, சவப்பெட்டி அரங்கத்துக்குள் வந்த நேரத்தில் பாடியது இந்தப் பாட்டைத்தான். துக்க வீட்டில் மகிழ்ச்சிப் பாட்டு! ஊன்னா நகரத்துப் பாதிரியார் காட்டிய வழி அதுதான் அல்லவா?

எண்ணெய் எது?

இவ்வளவையும் பார்த்தபின் பழைய கதைக்கே திரும்பினால், அவசரத்தில் படிப்பவர்கள் தவறவிடும் ஒரு விஷயம் தெரிகிறது. மாப்பிள்ளை வரத் தாமதமானபோது பத்துப் பெண்களுமே தூங்கிவிட்டார்கள். புத்தியில்லாத ஐந்து பேர் மட்டுமல்ல. புத்தியுள்ளவர்கள் என்று பெயர் வாங்கிய ஐந்து பேரும் தூங்கினார்கள். அதற்காகக் கதை அவர்களைக் குறை சொல்லவில்லை.

ஆக, ஆயத்தம் என்பது கண்ணை மூடாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது அல்ல. மனிதனால் அது முடியாது. முன்கூட்டியே எண்ணெய் எடுத்து வைத்துக்கொள்வதுதான் ஆயத்தம். எண்ணெய் வைத்திருப்பவன் நிம்மதியாகத் தூங்கலாம். எந்த நேரம் குரல் கேட்டாலும் திரியைத் தூண்டினால் போதும்.

எது எண்ணெய் என்பதற்கு அந்த அதிகாரத்தின் பிற்பகுதியே பதில் தருகிறது. பசித்தவனுக்குச் சோறு, தாகத்துக்குத் தண்ணீர், துணியில்லாதவனுக்குத் துணி, நோயாளிக்கும் கைதிக்கும் ஒரு விசாரிப்பு. வரப்போகிறவர் கேட்கும் கணக்கு இவ்வளவுதான். தேதி தெரியுமா என்று அவர் கேட்பதாக எங்கும் இல்லை.

நிக்கோலாய் பகலெல்லாம் செய்தது இதைத்தான். நோயாளிகளின் பக்கத்தில் உட்கார்ந்தார். செத்தவர்களை அடக்கம் செய்தார். அதன்பிறகுதான் இரவில் பாட்டு எழுதினார். ஃபிஸ்க் மாணவர்களும் பாடிச் சேர்த்த பணத்தில் கல்லூரிக்குக் கட்டடம் எழுப்பினார்கள். பாட்டின் பின்னால் இப்படி ஒரு பிடி எண்ணெய் இருந்தால், நூறு வருஷம் தாமதமானாலும் பாட்டு அணைவதில்லை.

வித்வான்குட்டியை ஊரார் அஞ்சரைக்காரர் என்று கேலி செய்தார்கள். அந்தப் பெயரை இன்று சரித்திரம் படிப்பவர்கள் தவிர வேறு யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. டிசம்பர் மாதத்து ஞாயிறுகளில், தாமதிக்கும் நாயகனை நோக்கி அவர் எழுதிய பாட்டை, கணக்கு எதுவும் போடாத பாட்டிமார்களும் பேரக் குழந்தைகளும் சேர்ந்து பாடிக்கொண்டிருக்கிறார்கள். பாடி முடித்ததும் வீட்டுக்குப் போய் அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள்.